மூன்று ஸ்வரமும் ஒரு சோளக்காடும்: 'சைன்ஸ்' படத்தின் பின்னணி இசை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேற்றுக்கிரகவாசிகள் படையெடுக்கும் படங்களின் இசை என்று பேச்செடுத்தால் நான் முதலில் சொல்வது 2002-இல் வந்த 'சைன்ஸ்'. இயக்கம் நைட் ஷியாமளன், இசை ஜேம்ஸ் நியூட்டன் ஹோவர்ட். சொன்னவுடன் வரும் சந்தேகங்கள் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். படத்தின் முடிவைச் சொல்லாமல் இந்த இசையைப் பற்றிப் பேச முடியாது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

"பார்த்து ரொம்ப நாளாச்சு. கதை என்ன, சுருக்கமா சொல்லுங்க?"

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலம், பக்ஸ் கவுண்டி. சோளக்காட்டுக்கு நடுவே ஒரு வீடு. மனைவி விபத்தில் இறந்தபின் பாதிரியார் அங்கியைக் கழற்றிவைத்துவிட்ட கிரஹாம் (மெல் கிப்சன்), அவர் தம்பி மெரில் (வாக்கீன் ஃபீனிக்ஸ்), ஆஸ்துமாக்கார மகன் மார்கன், பாதி குடித்த தண்ணீர் டம்ளர்களை வீடெங்கும் வைத்துவிட்டுப் போகும் குட்டி மகள் போ. ஒருநாள் காலையில் சோளப்பயிர் பெரிய பெரிய வட்டங்களாகச் சாய்ந்து கிடக்கிறது. பிறகு உலகமெங்கும் வானில் விளக்குகள். ஆனால் அதையெல்லாம் இந்தக் குடும்பம் டிவியில்தான் பார்க்கிறது. கடைசியில் வீட்டு ஜன்னல்களுக்குப் பலகை அடித்துவிட்டு நிலவறைக்குள் ஒடுங்குகிறார்கள்.

உலகப் போரை ஒரு வரவேற்பறைக்குள் அடக்கிய படம் இது. இசையும் அந்த அளவுக்குத்தான் தைக்கப்பட்டிருக்கிறது. கீழே வரும் பதில்கள் பலவற்றுக்கு இதுவே அடிப்படை.

"ஜேம்ஸ் நியூட்டன் ஹோவர்ட் யாரு? எனக்கு ஹான்ஸ் ஜிம்மர், ஜான் வில்லியம்ஸ் தவிர யாரையும் தெரியாது."

ஜிம்மரைத் தெரியுமென்றால் இவரையும் கேட்டிருப்பீர்கள். 'பேட்மேன் பிகின்ஸ்', 'தி டார்க் நைட்' இரண்டுக்கும் இவர்கள் இருவரும் சேர்ந்தே இசையமைத்தார்கள். ஹோவர்ட் 1951-இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர். எழுபதுகளில் எல்டன் ஜானின் குழுவில் கீபோர்டு வாசித்தார். 'ப்ரெட்டி வுமன்', 'தி ஃபியூஜிட்டிவ்', 2005-இன் 'கிங் காங்' என்று பட்டியல் நீளம்.

ஷியாமளனோடு 1999-இன் 'தி சிக்ஸ்த் சென்ஸ்' தொடங்கி 2013-இன் 'ஆஃப்டர் எர்த்' வரை எட்டுப் படங்கள். அதில் 'சைன்ஸ்' மூன்றாவது. இருவருக்கும் ஒருவர் மௌனம் மற்றவருக்குப் புரியத் தொடங்கிய கட்டம் என்று வைத்துக்கொள்ளலாம்.

"மொத்தப் படத்துக்கும் மூணே மூணு ஸ்வரம்தானாமே? நெஜமா, இல்ல சும்மா பில்டப்பா?"

கொஞ்சம் பில்டப். ஆனால் கொஞ்சம்தான். ஒரு பெரிய ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்கிற இசையில் வேறு எத்தனையோ நடக்கிறது. தாழ்ந்த தந்திகள் முனகுகின்றன, பித்தளைக் கருவிகள் திடீரென்று வெடிக்கின்றன, மரக்குழல்கள் தனியே நிற்கின்றன. ஆனாலும் படம் முழுவதையும் கட்டி இழுப்பது மூன்று ஸ்வரங்கள் கொண்ட ஒரு சின்னத் துணுக்கு. மேற்கத்திய இசையில் இதை மோட்டிஃப் என்பார்கள். முழுப் பாட்டாக விரியாமல், திரும்பத் திரும்ப வந்து அடையாளம் காட்டிவிட்டுப் போவது.

பெயர்கள் ஓடும் முதல் நிமிடங்களிலேயே வயலினில் அது அறிமுகமாகிவிடுகிறது. முதலில் அடக்கமாக, பிறகு சுழன்று சுழன்று, பிறகு மொத்தக் குழுவும் சேர்ந்து நாற்காலியை உலுக்கும் அளவுக்கு. வேற்றுக்கிரகவாசியின் நகம்கூடத் திரையில் வரவில்லை. கறுப்பும் நீலமுமான பின்னணியில் வெறும் எழுத்துகள்தான். அதற்குள் பயம் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

"அந்த டைட்டில் மியூசிக் அப்படியே 'சைக்கோ' மாதிரி இருக்கே. காப்பிதானே?"

சாயல் உண்டு, அதை மறைக்கும் எண்ணமும் ஹோவர்டுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வுக்கு (1960) இசையமைத்த பெர்னார்ட் ஹெர்மன் தந்திக் கருவிகளை மட்டுமே வைத்து முழுப் படத்தையும் முடித்தவர். நீண்ட மெட்டுகளில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. இரண்டு மூன்று ஸ்வரங்களை எடுத்துக்கொள்வார், அதையே அடுக்குவார், வேகத்தையும் கருவியையும் மாற்றுவார். அந்தத் துணுக்கு ஒரு முடிவுக்கு வராதா என்று கேட்பவர் ஏங்கும்போது அதை மறுபடி ஆரம்பத்துக்கே கொண்டுபோய் விடுவார். ஹோவர்ட் எடுத்துக்கொண்டது இந்த வேலைமுறையை. ஸ்வரங்கள் அவருடையவை.

பெயர்களுக்கென்றே முழு நீளத்தில் ஒரு இசைத்துண்டு வைப்பதும் ஹிட்ச்காக் காலத்து வழக்கம்தான். 2002-இல் பல படங்கள் நேரே முதல் காட்சிக்குள் குதித்துக்கொண்டிருந்தன. ஷியாமளன் வேண்டுமென்றே பழைய வாசல் வழியாக நம்மை உள்ளே அழைத்துப் போகிறார்.

இன்னொரு தொடர்பும் உண்டு, பலருக்கு இது தெரிவதில்லை. 1938 அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸ் வானொலியில் 'வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' நாடகத்தை ஒலிபரப்பினார். சாதாரண நடன இசை நிகழ்ச்சி போலத் தொடங்கி, செவ்வாய்வாசிகள் இறங்கிவிட்டார்கள் என்று செய்தி குறுக்கிட, மீண்டும் இசை, மீண்டும் செய்தி என்று போகும். அன்று இசைக்குழுவை நடத்தியவர் இதே ஹெர்மன். படையெடுப்பைச் செய்தி ஒலிபரப்பு வழியாகவே அறிந்துகொள்ளும் ஒரு குடும்பத்தின் கதைக்கு அவர் பாணி பொருந்திப்போவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

"தீம்னா முணுமுணுக்க வரணும். இது வாயில நிக்கவே மாட்டேங்குது. அப்போ இது நல்ல தீமா?"

பாட்டுக்கு வேண்டிய இலக்கணம் வேறு, பின்னணி இசைக்கு வேண்டியது வேறு. முணுமுணுக்க வரும் மெட்டு ஒரு இடத்தில் போய் அமரும், நம்மையும் அமரவிடும். இந்த மூன்று ஸ்வரம் அமரக்கூடாது என்பதற்காகவே எழுதப்பட்டது. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விடுகிறது.

இதனால் ஒரு வசதியும் இருக்கிறது. துணுக்கு சிறியது என்பதால் எங்கே வேண்டுமானாலும் நுழைக்கலாம். இரண்டு வசனங்களுக்கு நடுவில், கதவு திறக்கும் முன், ஒரு முகம் திரும்பும் நேரத்தில். நீண்ட மெட்டு ஒன்றை அங்கெல்லாம் வைத்தால் அது பாதியில் அறுந்து தொங்கும்.

"ஒரே மூணு ஸ்வரம் ஆரம்பத்துல பயமுறுத்துது, கடைசில அழவைக்குது. ரெண்டும் ஒண்ணேதானா, இல்ல வேற வேறயா?"

ஒன்றேதான். என் கணக்கில் இந்த இசையின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

கர்நாடக இசை கேட்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களை அப்படியே வைத்துக்கொண்டு, காந்தாரத்தை ஸட்ஜமாகக் கொண்டு கேட்டால் ஹிந்தோளம் ஆகிவிடுகிறது. ஸ்வர ஸ்தானங்கள் நகரவில்லை, ஆதாரம்தான் நகர்ந்தது. இதைக் கிரகபேதம் என்கிறோம். ஹோவர்ட் செய்வது அதே வித்தை என்று சொல்லமாட்டேன், ஆனால் காதுக்குள் நடப்பது கிட்டத்தட்ட அதுதான். மேலே துணுக்கு மாறாமல் ஓட, கீழே அதைத் தாங்கும் ஸ்வரக்கூட்டுகள், அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள், மாறுகின்றன. ஆரம்பத்தில் ஒன்றோடொன்று உரசும் கூட்டுகள். முடிவில் இணங்கிப்போகும் கூட்டுகள். கூடவே வேகம் தளர்கிறது, கருவிகளின் தொனி இளகுகிறது.

கதையோடு வைத்துப் பாருங்கள். இறந்துகொண்டிருந்த மனைவி "கிரஹாமைப் பார்க்கச் சொல், மெரிலை ஓங்கி அடிக்கச் சொல்" என்ற பொருளில் ஏதோ சொன்னாள். அர்த்தமற்ற பிதற்றல் என்றே கிரஹாம் நினைத்திருந்தார். கடைசியில் வீட்டுக்குள் ஒரு வேற்றுக்கிரகவாசி மகனைக் கையில் ஏந்தி நிற்கும்போது, சுவரில் மாட்டிய பேஸ்பால் மட்டை கண்ணில் படுகிறது. பழைய சொற்கள்தான், புதிய அர்த்தம். பழைய ஸ்வரங்கள்தான், புதிய அர்த்தம். ஆல்பத்தில் இந்தக் கட்டம் 'தி ஹேண்ட் ஆஃப் ஃபேட்' என்று இரண்டு பகுதிகளாக இருக்கிறது. விதியின் கை. தலைப்பிலேயே வேற்றுக்கிரகவாசி காணாமல் போய்விட்டதைக் கவனிக்கலாம்.

"ஸ்பீல்பெர்க் படத்துல அஞ்சு ஸ்வரம் வருமே, அதுவும் இதுவும் ஒரே ஐடியாவா?"

'க்ளோஸ் என்கவுன்டர்ஸ் ஆஃப் தி தேர்ட் கைண்ட்' (1977). ஜான் வில்லியம்ஸ் எழுதிய ஐந்து ஸ்வரம். நம் முறையில் சொன்னால் ரி, க, ஸ, பிறகு ஒரு ஸ்தாயி கீழே ஸ, அங்கிருந்து ப. அதைப் படத்துக்குள் இருப்பவர்களே கேட்கிறார்கள், வாசிக்கிறார்கள். இந்தியாவில் நடப்பதாக வரும் ஒரு காட்சியில் பெருங்கூட்டம் அதைப் பாடவே செய்கிறது. விண்கலத்துக்கும் மனிதனுக்கும் நடுவே அதுதான் பேச்சுமொழி.

'சைன்ஸ்' படத்தின் மூன்று ஸ்வரம் கதாபாத்திரங்கள் யார் காதிலும் விழுவதில்லை. அது நமக்கு மட்டும். வந்தவர்களோடு இங்கே யாரும் உரையாடப்போவதில்லை. கிரஹாமுக்கு இருக்கும் வழக்கெல்லாம் கடவுளோடு.

"ஏலியன் படம்னா அந்த 'ஊஊ'ன்னு ஒரு சத்தம் வருமே. அது ஏன் இதுல இல்ல?"

அது தெரமின். கையால் தொடாமல், காற்றில் கையசைத்தே வாசிக்கும் மின்னணுக் கருவி. அதை வேற்றுக்கிரகத்தோடு நிரந்தரமாக முடிச்சுப்போட்டதில் பெரிய பங்கு 1951-இன் 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' படத்துக்கு உண்டு. இசை யார் என்று நினைக்கிறீர்கள்? மறுபடியும் ஹெர்மன். இரண்டு தெரமின், மின் வயலின், ஆர்கன், ஏகப்பட்ட பித்தளைக் கருவிகள், வழக்கமான தந்திக்குழு மட்டும் இல்லை.

அடுத்து வந்த படங்கள் அந்தச் சத்தத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கடைசியில் கேலிப்பொருளாக்கிவிட்டன. 2002-இல் ஒருவர் தெரமினைப் பயமுறுத்தப் பயன்படுத்தியிருந்தால் அரங்கம் சிரித்திருக்கும். ஹோவர்ட் செய்தது புத்திசாலித்தனமான குறுக்குவழி. அறிவியல் புனைகதைக்கு ஹெர்மன் போட்ட பாதையை விட்டுவிட்டு, வீட்டுக்குள் நடக்கும் திகிலுக்கு அவர் போட்ட பாதையைப் பிடித்துக்கொண்டார்.

"'இண்டிபெண்டன்ஸ் டே' மாதிரி ஒரு கெத்தான மார்ச் மியூசிக் ஏன் இல்ல?"

'இண்டிபெண்டன்ஸ் டே' (1996) இசை எனக்கும் பிடிக்கும். டேவிட் ஆர்னால்ட் என்ற பிரிட்டிஷ்காரர் அமெரிக்கர்களையே மிஞ்சும் அளவுக்கு அமெரிக்க வீறாப்போடு எழுதியது. டிரம்பெட், போர் முரசு, பெரிய கோரஸ் எல்லாம் உண்டு. கிராமி விருதும் கிடைத்தது. அங்கே ஜனாதிபதியே விமானம் ஏறிப் போருக்குப் போகிறார், அந்த இசை வேண்டியதுதான்.

இங்கே போருக்குப் போக ஆள் இல்லை. ராணுவம் என்று படத்தில் நாம் பார்ப்பது ஆள்சேர்ப்பு அலுவலகம் ஒன்றைத்தான். முரசு அடித்திருந்தால் அந்த வீடு சிரிப்பாய்ச் சிரித்திருக்கும்.

"2005-ல வந்த 'வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' கூட குடும்பக் கதைதானே. அதோட ஒப்பிட்டா எது தேறும்?"

நியாயமான ஒப்பீடு. ஸ்பீல்பெர்க் இயக்கி ஜான் வில்லியம்ஸ் இசையமைத்தது. அங்கேயும் ஒரு தகப்பன், இரண்டு பிள்ளைகள். வில்லியம்ஸ் தன் புகழ்பெற்ற மெட்டுகளையெல்லாம் மூட்டைகட்டி வைத்துவிட்டு, கரடுமுரடான, பிடிகொடுக்காத இசையை எழுதினார். ஓடிக்கொண்டே இருக்கும் மனிதர்களுக்கான இசை அது. 'சைன்ஸ்' ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கான இசை. தனியாகக் கேட்க நான் எடுப்பது 'சைன்ஸ்'. படத்தோடு பார்க்கும்போது 'வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' இன்னும் கொடூரமாக வேலை செய்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரு சின்னத் திருத்தம்: அந்தப் படத்தில் வேற்றுக்கிரகவாசிகளின் மூன்று கால் இயந்திரம் எழுப்பும் எக்காளச் சத்தத்தை வில்லியம்ஸ் கணக்கில் எழுதுகிறவர்கள் நிறைய. அது ஒலி வடிவமைப்பாளர்களின் வேலை.

"பாதிப் படம் மியூசிக்கே இல்லாம போகுதே. சோம்பேறித்தனமா?"

படம் 106 நிமிடம். வெளிவந்த ஆல்பம் சுமார் முக்கால் மணி நேரம். இசை இல்லாத இடங்கள் நிறைய என்பது சரி, ஆனால் அவை எழுத மறந்த இடங்களல்ல. பூட்டிய உக்கிராண அறைக் கதவுக்குக் கீழே கிரஹாம் கத்தியை நுழைத்து, அதன் பிரதிபலிப்பில் உள்ளே இருப்பதைப் பார்க்க முயலும் காட்சி நினைவிருக்கிறதா? அங்கே நம் காது தானாகவே கூர்மையாகிறது. தரை கிரீச்சிடுவதும் மூச்சு விடுவதும் செய்தியாகிவிடுகின்றன. தொடர்ந்து வயலின் ஓடியிருந்தால் "இது பயப்படவேண்டிய இடம்" என்று யாரோ முதுகைத் தட்டிச் சொன்னது போல் ஆகியிருக்கும்.

ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' (1963) இதற்கு மூத்த அண்ணன். அதில் பின்னணி இசையே கிடையாது. மின்னணுக் கருவியில் உண்டாக்கிய பறவைச் சத்தங்களே எல்லா வேலையும் செய்தன, ஹெர்மன் ஒலி ஆலோசகராக மட்டும் இருந்தார். பலகை அடித்த வீட்டுக்குள் வெளியிலிருக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஒரு குடும்பம் உட்கார்ந்திருப்பதும் அந்தப் படத்தில் உண்டு. இசையே இல்லாத அந்தப் படத்துக்கும் இசையால் நிறைந்த 'சைக்கோ'வுக்கும் நடுவில் ஓர் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறது 'சைன்ஸ்'.

"பிரேசில் வீடியோ காட்சியில திடீர்னு 'டமார்'னு அடிக்கிறாங்களே. அது மலிவான உத்தி இல்லையா?"

பிள்ளைகளின் பிறந்தநாள் விழாவை யாரோ எடுத்த வீடியோ டிவியில் ஓடுகிறது. ஒரு சந்துக்குள்ளிருந்து வேற்றுக்கிரகவாசி நடந்துபோகிறது. அந்தக் கணத்தில் ஆர்க்கெஸ்ட்ரா ஒரே அடியாக அறைகிறது. தொழில் மொழியில் இதற்கு ஸ்டிங்கர் என்று பெயர். ஆம், உத்தி பழையது. எத்தனையோ மட்டமான பேய்ப்படங்கள் பூனை குதிப்பதற்கெல்லாம் இதைப் பயன்படுத்திப் பாழாக்கியிருக்கின்றன.

வித்தியாசம் காத்திருப்பில் இருக்கிறது. மேலே சொன்ன மௌனம் இல்லாமல் இந்த அடி எடுபடாது. அதுவரை வட்டங்கள், நிழல்கள், சத்தங்கள் என்று மறைத்து மறைத்துக் காட்டியதற்கு இது முதல் செலவு. இப்படிச் சில இடங்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அளவாகக் கொடுக்கும்வரை எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்தக் காட்சியை இசையே இல்லாமல் விட்டிருந்தால் இன்னும் அசலான செய்திப்படம் போல் இருந்திருக்கும் என்று வாதிடுபவர்கள் முட்டாள்களும் இல்லை.

"பேபி மானிட்டர்ல வர்ற டிக் டிக் சத்தமும் மியூசிக்கில் சேர்த்தியா?"

இல்லை. குழந்தையின் அறையில் வைக்கும் அந்தக் கருவியில் வேற்றுக்கிரகவாசிகள் பேசுவது போல் கேட்கும் கடகடப்பு ஒலிப்பிரிவின் வேலை. 'பேபி மானிட்டர்' என்ற பெயரில் ஆல்பத்தில் ஒரு ட்ராக் இருப்பதால் இந்தக் குழப்பம் வருகிறது. அது அந்தக் காட்சிக்கு ஹோவர்ட் எழுதிய இசை. படத்தில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன.

"ரெக்கார்டிங்ல கண்டக்டர் ஏன் ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு நிக்கிறார்? படத்தோட எப்படிச் சரியா பொருந்துது?"

முதலில் இயக்குநரும் இசையமைப்பாளரும் உட்கார்ந்து எங்கே இசை தொடங்கவேண்டும், எங்கே நிற்கவேண்டும் என்று முடிவுசெய்கிறார்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு க்யூ. '4எம்2' என்றால் நான்காவது ரீலின் இரண்டாவது இசைத்துண்டு. இசையமைப்பாளர் எழுதியதை ஆர்க்கெஸ்ட்ரேட்டர் ஒவ்வொரு கருவிக்கும் விரித்து எழுதுவார், காப்பியிஸ்ட் ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் தனித்தனித் தாள் தயாரிப்பார்.

பதிவு நாளில் எதிரே திரையில் படம் ஓடும். ஹெட்ஃபோனில் கேட்பது க்ளிக், கணக்கிட்ட வேகத்தில் தட்டும் தாளம். அது தப்பாமல் போனால் கதவு திறக்கும் ஃப்ரேமில் அடி விழும். தாளம் இழுபடவேண்டிய உருக்கமான இடங்களில் க்ளிக் இல்லாமலும் வாசிப்பார்கள். அப்போது திரையில் ஒரு கோடு பக்கவாட்டில் நகர்ந்து வந்து பளிச்சென்று ஒரு புள்ளி மின்னும். அந்த மின்னலில் குழு போய்ச் சேரவேண்டும். இதை ஸ்ட்ரீமர், பஞ்ச் என்கிறார்கள். டம் டமென்று அடிக்கும் இசையைவிட இழையும் இசையைப் பதிவுசெய்வதுதான் கடினம் என்று இப்போது புரிந்திருக்கும்.

"இப்ப லேப்டாப்லயே எல்லா வயலினும் இருக்கு. இத்தனை பேரை உட்காரவெச்சு வாசிக்கணுமா?"

இயக்குநருக்குப் போட்டுக்காட்டும் மாதிரிகளை இசையமைப்பாளர்கள் கம்ப்யூட்டரில்தான் செய்கிறார்கள், 2002-க்கு முன்பே அந்த வழக்கம் வந்துவிட்டது. ஆனால் இந்த வகை இசைக்கு ஆட்கள் தேவை. ஒரு கூட்டம் வயலின்காரர்கள் மிக மெதுவாக ஒரே ஸ்வரத்தை இழுக்கும்போது எல்லோருடைய வில்லும் மயிரிழை வித்தியாசத்தில் நகர்கிறது. அந்த லேசான நடுக்கம்தான் நம் முதுகில் ஊர்கிறது. கம்ப்யூட்டரில் இருக்கும் சாம்பிள்கள், அதாவது முன்பே பதிவுசெய்த வாத்திய ஒலிகள், அடியைத் தருகின்றன, அடிக்கு முந்தின தயக்கத்தைத் தருவதில்லை. பணம் இல்லையென்றால் என்ன செய்வது என்பது வேறு கேள்வி.

"ஷியாமளன் நம்ம பக்கத்து ஆள்தானே. இசையில கர்நாடகச் சாயல் எங்கயாவது இருக்கா?"

ஷியாமளன் பிறந்தது மாஹேயில், 1970-இல். மாஹே புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்தது, இருப்பது கேரளக் கரையில். தந்தை மலையாளி, தாய் தமிழர். வளர்ந்தது பிலடெல்பியா பக்கம், அவர் படங்கள் பெரும்பாலும் நடப்பதும் அங்கேதான். 'சைன்ஸ்' படத்தில் கிரஹாமின் மனைவி சாகக் காரணமான விபத்தை ஏற்படுத்தும் கால்நடை மருத்துவர் ரே ரெட்டியாக அவரே நடித்திருக்கிறார்.

இசையில் கர்நாடகச் சாயல் துளியும் இல்லை. கிரகபேதம் என்று மேலே நான் சொன்னது நமக்குப் புரிவதற்காக. அதைப் பிடித்துக்கொண்டு "ஹாலிவுட்டில் நம் ராகம்" என்று யாரும் ஃபார்வர்டு தயாரிக்க வேண்டாம்.

"இவ்வளவு நல்ல இசைன்னா ஆஸ்கர் ஏன் வரல?"

பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு விருது எலியட் கோல்டன்தாலுக்கு, 'ஃப்ரிடா' படத்துக்காக. திகில் படங்களின் இசையை அகாடமி கண்டுகொள்வது அபூர்வம். 'சைக்கோ'வுக்கே இசைப் பரிந்துரை கிடையாது. 2004-இல் ஷியாமளனின் 'தி வில்லேஜ்' ஹோவர்டுக்குப் பரிந்துரை வாங்கித்தந்தது. ஹிலரி ஹானின் வயலின் அதில் இருப்பதால் கேட்பதற்கு அது இனிமை, தேர்வுக்குழுவுக்கும் வசதி.

"தண்ணி பட்டா சாகுற ஏலியன், முக்கால்வாசி தண்ணி இருக்கிற பூமிக்கு வருதாம். இந்த ஓட்டையை இசைதான் மூடி மறைக்குதுன்னு சொல்றேன். சரியா?"

ஏறக்குறைய சரி, ஆனால் 'மறைக்குது' என்பதோடு எனக்குச் சண்டை. படையெடுப்புப் படமாக எடுத்துக்கொண்டால் அது ஓட்டைதான், எந்த ஆர்க்கெஸ்ட்ராவாலும் அடைக்க முடியாது. ஷியாமளன் சொல்லும் கதை வேறு. படத்தின் நடுவே சோபாவில் உட்கார்ந்து கிரஹாம் தம்பியிடம் சொல்கிறார்: உலகில் இரண்டு வகை மனிதர்கள், நடப்பதையெல்லாம் யாரோ காட்டும் அடையாளமாகப் பார்ப்பவர்கள், வெறும் தற்செயல் என்று பார்ப்பவர்கள். ஆஸ்துமா, தண்ணீர் டம்ளர், பேஸ்பால் மட்டை மூன்றும் கடைசியில் ஒன்றுசேர்கின்றன. மூச்சுக்குழாய் அடைத்திருந்ததால் வேற்றுக்கிரகவாசி பீய்ச்சிய விஷம் மார்கனின் நுரையீரலுக்குள் போகவில்லை. தற்செயலா, அடையாளமா?

வசனம் இதற்கு நேரடியாகப் பதில் சொல்லத் தயங்குகிறது. இசை தயங்கவில்லை. ஆறாவது கேள்வியில் சொன்ன மாற்றம் நிகழும்போது, 'அடையாளம்தான்' என்று ஆர்க்கெஸ்ட்ரா ஓட்டுப் போட்டுவிடுகிறது. நம்பிக்கையற்றவர்களுக்கு இது எரிச்சல் தரலாம். என் நண்பர்களில் கறுப்புச்சட்டைக்காரர் ஒருவர் 'தி ஹேண்ட் ஆஃப் ஃபேட்' ட்ராக்குகள் இரண்டையும் ரசிப்பார், படத்தைத் திட்டுவார். அதுவும் நேர்மையான நிலைப்பாடுதான்.

"என் குறும்படத்துக்கு இதுல ஒரு பிட்டை எடுத்துக்கலாமா? கிரெடிட் போட்டுடறேன்."

கூடாது. கிரெடிட் போடுவது அனுமதி ஆகாது. எழுதிய இசைக்கு ஓர் உரிமை, பதிவுசெய்த ஒலிக்கு இன்னோர் உரிமை. இரண்டுக்கும் தனித்தனியே அனுமதி வேண்டும், ஹாலிவுட் ஸ்டுடியோவிடம் அது குறும்படக்காரர் பட்ஜெட்டில் நடக்கிற காரியமில்லை. யூடியூபில் ஏற்றினால், உரிமையுள்ள இசையைத் தானாகக் கண்டுபிடிக்கும் அதன் கன்டென்ட் ஐடி என்ற ஏற்பாடு பிடித்துவிடும், வருமானம் அவர்களுக்குப் போகும் அல்லது வீடியோவே முடங்கும்.

முறையை எடுத்துக்கொள்ள யாரிடமும் அனுமதி தேவையில்லை. நீங்களே மூன்று ஸ்வரம் தேர்ந்தெடுங்கள். ஒரு வயலின்காரர், ஒரு செல்லோக்காரர் போதும். முதல் காட்சியில் ஒரு ஆதாரத்தின்மேல் வாசிக்கச் சொல்லுங்கள், கடைசிக் காட்சியில் வேறு ஆதாரத்தின்மேல். நடுவில் வரும் காட்சிகளில் பாதியையாவது இசையில்லாமல் விட்டுப் பாருங்கள். எடிட்டர் முதலில் முகம் சுளிப்பார்.